தேசிக்காய்த் தோல் பின்னலும் ஒரு கேள்வியும்



சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்து நடன வகுப்புத் தொடங்கும் வரையுள்ள இடைவேளையில், கீழ் மண்டபத்தின் மூலையில் நாலைந்து பிள்ளைகளுக்கு நான் குரோஷே பின்னல் சொல்லிக் கொடுத்து வருவது உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூற்பந்து, கொஞ்சம் பொறுமை. இம்முறை மடலுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, அந்த மூலையில் நடந்த ஒரு சிறிய காரியத்தை எழுதலாம் என்று தோன்றியது. காரியம் சிறியதுதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி கடந்த மூன்று மாதங்களாக என்னை விட்டபாடில்லை. ஒருவர் செய்யும் பிழையை இன்னொருவர் தம் கையால் குலைத்துத் திருத்தலாமா? அன்பினாலேயே செய்தாலும் அது சரியா?

முதலில் பின்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது.

பிள்ளைகளுக்கு நான் கற்பித்தது ஆங்கிலத்தில் எலுமிச்சைத் தோல் என்ற பொருள்படும் பெயர் கொண்ட ஒரு பின்னல். நம் ஊர் வழக்கில் தேசிக்காய்த் தோல் என்று வைத்துக் கொள்வோம். கையால் தடவினால் தேசிக்காயின் தோல் போலவே சின்னச் சின்னப் புடைப்புக்கள் தட்டுப்படும். இதற்கு வேண்டியவை இரண்டே கண்ணிகள். ஒன்று குட்டை, மற்றது நெட்டை. (இங்கிலாந்துப் புத்தகங்கள் குட்டையை டபிள் குரோஷே என்றும் நெட்டையை ட்ரெபிள் என்றும் சொல்லும். அமெரிக்கப் புத்தகங்களில் குட்டைக்குப் பெயர் சிங்கிள். டபிள் என்றால் அங்கே நெட்டை! ஒரே சொல்லுக்கு அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் இரு பொருள். இது தெரியாமல் அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் பார்த்து நான் பின்னிய முதல் தொப்பி கறிச்சட்டிக்கு மூடி போடத்தான் உதவியது.)

இருபத்தைந்து சங்கிலிக் கண்ணிகள் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதில் தொடங்கி, ஒரு குட்டை, ஒரு நெட்டை, ஒரு குட்டை, ஒரு நெட்டை என்று போனால் வரிசைக்கு 24 கண்ணிகள் வரும். முடிவில் ஒரு சங்கிலி போட்டுத் திருப்ப வேண்டும். அந்தச் சங்கிலி கணக்கில் சேராது. அடுத்த வரிசையில், கீழே நெட்டை இருக்கும் இடத்தில் குட்டையையும், குட்டை இருக்கும் இடத்தில் நெட்டையையும் போட வேண்டும். இவ்வளவுதான். இரு புறமும் குட்டைகள் இழுத்துப் பிடிப்பதால் நடுவில் உள்ள நெட்டை நிமிர முடியாமல் வளைந்து முன்னே புடைக்கிறது. அந்தப் புடைப்புத்தான் தோல். ஒரு வரிசையை மட்டும் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு வரிசை சேர்ந்தால் எல்லா இடமும் ஒரே உயரம்.

இந்தப் பின்னலை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணிகள் இரட்டைப்படை எண்ணாக இருந்தால், ஒவ்வொரு வரிசையும் குட்டையில் தொடங்கி நெட்டையில் முடியும். வரிசை குட்டையில் முடிந்துவிட்டால் எங்கோ ஒரு கண்ணியை விட்டுவிட்டோம் அல்லது கூட்டிவிட்டோம் என்று பொருள். ஒன்று விட்டால் பின்னலே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பக்கத்தில் ஆசிரியர் தேவையில்லை. இந்த அடையாளத்தை நான் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எண்ணுங்கோ, எண்ணுங்கோ என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் பேத்தி. வயது பத்து. தன் தகப்பனாருக்கு ஒரு கழுத்துச் சால்வை பின்னத் தொடங்கினாள். அதற்கு முன்னதாக, ஆண்டு விழாவன்று பிள்ளைகளின் கைவேலைகளை ஒரு மேசையில் வைப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டு வரிசை பின்னிவிட்டு ஊசியோடு மேசையில் வைத்துவிட்டு நடன வகுப்புக்கு மேலே போய்விட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன். கீழே 24 கண்ணி இருந்த இடத்தில் மேலே 18தான் இருந்தது. இரண்டு வரிசைக்கு ஒரு முறை ஓரக் கண்ணியை விட்டுக் கொண்டே போயிருக்கிறாள். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் செய்யும் பிழைதான். அப்படியே போனால் சால்வை முக்கோணமாகிக் கடைசியில் ஒரு புள்ளியில் முடிந்துவிடும்.

குரோஷேயைக் குலைப்பது மிகவும் சுலபம். நெய்த துணியில் ஓர் இழையை எடுப்பதற்கே பாடுபட வேண்டும். கம்பிப் பின்னலில் வரிசை முழுவதும் உயிரோடு ஊசியில் நிற்கும். ஊசியை உருவினால் எத்தனையோ கண்ணிகளைப் பிடித்தாக வேண்டும். குரோஷேயில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் கிறுகிறுவென்று கழன்று வரும். பன்னிரண்டு வரிசையையும் குலைக்க எனக்கு ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. பிறகு அவள் திரும்பி வருவதற்குள் பன்னிரண்டு வரிசையையும், 288 கண்ணிகளையும், நானே ஒழுங்காகப் பின்னி, ஊசியை அவள் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பிள்ளை வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவள் வந்தாள். எடுத்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள், "இது என்னுடையது இல்லை" என்று. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்திருக்கிறாள். மேசைக்குக் கீழே குனிந்து தன்னுடையதைத் தேடினாள்.

"அது பிழைச்சுப் போச்சு ராசாத்தி. அம்மம்மா திருத்தி வைச்சிருக்கிறன்."

அவள் அழவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. அதை என் பையினுள் வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளோடு ஓடிப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை மூலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை.

எனக்கு என் பக்க நியாயங்கள் நிறையவே இருந்தன. பிழை வளர்ந்து கொண்டே போகும் பிழை. இன்று பன்னிரண்டு வரிசையில் குலைப்பது நாற்பதாவது வரிசையில் குலைப்பதைவிட நல்லதல்லவா? குரோஷேயில் ஒரு பிழையைத் தொட வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும், நல்ல வரிசைகளையும் சேர்த்துத்தான், குலைக்க வேண்டும். வேறு வழியே இல்லை. அந்த நோவு பிள்ளைக்கு வேண்டாம் என்று நான் பட்டுக்கொண்டேன். தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்ய வேண்டியதும் அதுதானே? குழந்தை நெருப்பில் கை வைக்கப் போனால் அனுமதி கேட்டுக் கொண்டா நிற்போம்?

இதையெல்லாம் அன்றிரவு குசினியில் என் மகளிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் கழுவிக் கொண்டே கேட்டுக் கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"எனக்கும் நீங்கள் இப்பிடித்தானே அம்மா செய்தனீங்கள்."

"எப்ப?"

"பேச்சுப் போட்டி."

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். 1995இல் அவளுக்குப் பதினொரு வயது. பேச்சுப் போட்டி ஒன்றிற்கு 'நான் போற்றும் பெரியார்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அவள் தானாகவே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை வீதி கடக்க வைக்கும், லொலிபொப் போன்ற தடி பிடித்து நிற்கும் ஆங்கிலேய அம்மா ஒருவரைப் பற்றி! மழையிலும் பனியிலும் அவர் நிற்பாராம். தன் பெயரைச் சரியாக உச்சரிக்கும் ஒரே வெள்ளைக்காரி அவர்தானாம். தமிழ் ஒரே பிழை. வினைச்சொற்கள் பாதி ஆங்கிலம். நான் சிரித்தேன் என்று மகள் சொல்கிறாள். எனக்கு அது நினைவில்லை. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, ஆறுமுக நாவலரைப் பற்றி நானே நான்கு நிமிடப் பேச்சு ஒன்றை எழுதி, மூன்று வாரம் பாடமாக்க வைத்தேன். எதுகை மோனையோடு அழகான பேச்சு. ஒரு சொல்லும் தவறாமல் ஒப்புவித்தாள். முதற்பரிசு கிடைத்தது.

அந்தக் கிண்ணம் இப்போதும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அவள் கல்யாணமாகிப் போகும்போது தன்னுடைய படங்கள், புத்தகங்கள், பரதநாட்டியச் சலங்கை எல்லாம் கொண்டு போனாள். கிண்ணத்தை விட்டுவிட்டுப் போனாள். மறந்துவிட்டாள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"நாவலர் கெட்டவர் இல்லை அம்மா," என்றாள். "ஆனால் எனக்கு அவரைத் தெரியாது."

நம்மில் இதைச் செய்யாதவர்கள் எத்தனை பேர்? பேச்சுப் போட்டி மேடையில் ஏழு வயதுப் பிள்ளை ஐம்பது வயதுக்காரரின் சொற்களைப் பொழியும்போது நாம் கைதட்டுகிறோம். யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை தமிழில் ஒரு வசனம் தொடங்கினால், அது முடிவதற்குள் 'ழ'கரத்தைத் திருத்துகிறோம். திருத்தியது சரிதான், உச்சரிப்புப் பிழை பிழைதான். ஆனால் அந்தப் பிள்ளை சொல்ல வந்தது என்ன என்று கேட்டோமா? பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழில் பேசுகிறார்கள் இல்லை என்று இதே மண்டபத்தில் கூட்டம் கூடிக் கவலைப்படுகிறோம்.

ஆனால் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நேர்மையாகாது.

1969இல் யாழ்ப்பாணத்தில் ஏழாம் வகுப்பில் எங்களுக்குத் தையல் பாடம் எடுத்த ரீச்சர் மகா கண்டிப்பானவர். நான் மூன்று வாரம் பின்னிய ஒரு மேசை விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, குலைக்கச் சொன்னார். அன்று அழுத அழுகை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் கையில் ஓரக் கண்ணி தவறியதே இல்லை என்பதும் உண்மை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அப்படியானால், குலைப்பது நன்மையும் செய்யும்தானே? இந்த உதாரணத்தை என் பக்கத்துக்குச் சாட்சியாக மகளிடம் சொல்லப் போனேன். சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ரீச்சர் நூலைத் தொடவில்லை. "நீயே குலை," என்றார். நான் குலைத்தேன். நான்தான் மறுபடி பின்னினேன். அந்த விரிப்பு இறுதியில் என்னுடையதாகவே இருந்தது. ஊர் பார்க்கச் செய்தது கொடுமை. அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் பேத்திக்கு நான் செய்ததை அவர் எனக்குச் செய்யவில்லை.

பிழை யாரைப் பாதிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் பொழுதுபோக்கு என்று நினைக்கும் இந்தப் பின்னல், பல இடங்களில் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யப்பட்டது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் தொடங்கிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கோர்க் பகுதியில் கன்னியாஸ்திரிகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே லேஸ் பின்னக் கற்பித்தார்கள். 1847இல் குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியார் ஒருவரின் மனைவி கசாந்திரா ஹான்ட் என்பவர் அதே வேலையைத் தொடங்கி வைத்தார். அந்தப் பெண்கள் பூக்களையும் இலைகளையும் தனித்தனியே பின்னிப் பிறகு இணைப்பார்கள். விற்றால் வீட்டில் அடுப்பெரியும். ஆந்திராவில் நரசாபுரத்துப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னும் குரோஷே லேஸும் இப்படித்தான். உலகச் சந்தைக்குப் போகும் அவர்களுடைய உழைப்பு இல்லத்தரசிகளின் ஓய்வுநேர வேலை என்று கணக்கில் சேராமல் போவதை மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982இல் ஒரு நூலாகவே எழுதினார். இன்றும் குரோஷேயை வணிக அளவில் செய்யும் இயந்திரம் கிடையாது. பரிசோதனை முயற்சிகள்தான் நடக்கின்றன. ஆகவே கடையில் நாலைந்து பவுணுக்கு உண்மையான குரோஷேப் பை தொங்கினால், அது எங்கோ ஒரு பெண்ணின் கையால் வந்தது என்று அறியலாம். அவளுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விலைக்குப் போகும் லேஸில் பிழை இருந்து, தெரிந்த ஒருத்தி அதை வாங்கிக் குலைத்துத் திருத்திக் கொடுத்தால், அது உபகாரம். அங்கே பின்னலின் நோக்கம் உணவு. யார் கை என்பது இரண்டாம் பட்சம். மருத்துவர் பயிலும்போது செய்யும் பிழையை மூத்தவர் உடனே தம் கையில் எடுப்பதும் அப்படியே. நோயாளியின் உடல் பயிற்சித் துணி அல்ல. ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் தகப்பனாருக்குப் பின்னும் சால்வையின் நோக்கம் என்ன? குளிர் காப்பதா? அதற்குக் கடையில் ஆயிரம் இருக்கிறது. அவள் பின்னியது என்பதுதான் அந்தச் சால்வையின் முழுப் பொருளும். அதை எடுத்துவிட்டு ஒழுங்கான ஓரங்களைக் கொடுத்தேன்.

இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். அன்று நான் அவசரப்பட்டதற்குக் காரணம் பிள்ளையின் வருத்தம் மட்டுமல்ல. ஆண்டு விழா மேசையில் எல்லோரும் பார்ப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் வேலையெல்லாம் ஓரளவு நேராக இருந்தது. சொல்லிக் கொடுப்பவரின் பேத்தியின் வேலைதான் கோணல். "இவவின்ரை பேத்திக்கே வரேல்லை," என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். 1995இலும் அதே பயம்தான் என்று இப்போது தெரிகிறது. இரண்டு முறையும் நான் திருத்தியது என் பெயரை.

அப்படியானால் பிழையைப் பார்த்தும் பேசாமல் இருப்பதா? அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. முக்கோணமாகிக் கொண்டிருக்கும் சால்வையைப் பார்த்து 'நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு' என்று இந்நாட்டுப் பள்ளிகளில் சிலர் சொல்வதுபோலச் சொல்லிக் கொண்டிருப்பதும் ஒருவகை அலட்சியம்தான். பார்க்கத் தெரியாத பிள்ளைக்குப் பார்க்கக் கற்றுக் கொடுக்கலாம். குட்டையில் தொடங்கி நெட்டையில் முடிய வேண்டும் என்ற அந்த ஒரு அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக் கொண்டிருக்கலாம். கையைக் கட்டிக் கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பின்னத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

நான்காவது சனிக்கிழமை நான் மூலையில் அவளுக்காக ஒரு நூற்பந்தை வைத்திருந்தேன். நான் பின்னிய பன்னிரண்டு வரிசையையும் குலைத்து எடுத்த நூல் அது. குலைத்த நூல் சுருள் சுருளாக நிற்கும். பழைய கண்ணிகளை அது உடனே மறப்பதில்லை. இளஞ்சூட்டு நீரில் நனைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, உருட்டி வைத்தேன். அவளிடம், "இது உன்ரை நூல். அம்மம்மா தொட்டது பிழை," என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து ஊசியை எடுத்தாள். அந்த அடையாளத்தை மட்டும் சொன்னேன்.

ஒன்பதாவது வரிசையில் அவள் நடுவில் ஒரு கண்ணியை விட்டதை நான் பார்த்தேன். நாக்கு நுனி வரை வந்தது. வரிசை முடிந்தபோது குட்டையில் முடிந்தது. அவளே கண்டுபிடித்தாள். என்னைப் பார்த்தாள். நான் நூற்பந்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அவள் குலைப்பாள் என்று நினைத்தேன். குலைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைசிக் கண்ணி இருந்த அதே இடத்திலேயே இன்னொரு நெட்டையைப் போட்டுக் கணக்கை 24 ஆக்கிவிட்டு, திருப்பி மேலே போய்விட்டாள். நான் அவளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த வரிசையில் மட்டும் பாதியிலிருந்து நெட்டையின் மேல் நெட்டை ஏறி, ஒரு மெல்லிய வரம்பு போலத் தெரிகிறது. அதற்கு மேலே எல்லாம் சரி. பிழை வளரவில்லை, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஆண்டு விழாவன்று மேசையில் அந்தச் சால்வையும் இருந்தது. நம் ஆலய அன்பர் ஒருவர், பின்னலில் நல்ல கைதேர்ந்தவர், எடுத்துத் தடவிப் பார்த்தார். விரல் அந்த இடத்தில் நின்றது. "இதிலை என்ன பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு விளக்கம் சொல்ல வாய் வந்தது.

"அது ஒன்பதாவது வரி, அன்ரி," என்றாள் பேத்தி.

பிறகு அதைத் தகப்பனாருக்குக் கொடுத்தாள். இந்தக் குளிருக்கு அவர் அதைத்தான் போட்டுக் கொண்டு வேலைக்குப் போகிறார். மகளுடைய அந்த ஒன்றரைப் பக்கத் தாளை வீடு முழுவதும் தேடிவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.

— ஓர் அம்மம்மா